குடும்பக் கணக்கு: எண் தெரிந்தவன் எல்லாம் நம்மவன் ஆகிவிடுவானா?



ஒரு காலத்தில் சம்பள நாள் என்றால் தோட்டத்து ஆபீசு வாசலில் வரிசை நிற்கும். கிராணி பெயரைக் கூப்பிடுவார். காசை எண்ணி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புவார்கள் நம் தாய்மார்கள். திருடன் வந்தாலும் அந்த முடிச்சை அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும். இன்றோ சம்பளம் நேரே வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. காசைக் கண்ணால் பார்க்கும் முன்பே அது காணாமல் போவதற்கும் வழி பிறந்துவிட்டது. இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முனியம்மா என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறார். கைபேசி மணி அடிக்கிறது.

"வணக்கம்மா. கோலாலம்பூர் பேங்க் ஆபீசிலிருந்து பேசுகிறேன். உங்கள் பெயர் முனியம்மாதானே? உங்கள் ஐ.சி. நம்பர் இதுதானே?" என்று பன்னிரண்டு எண்களையும் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறான். "உங்கள் கார்டில் ஜொகூரில் யாரோ இரண்டாயிரம் வெள்ளிக்குச் சாமான் வாங்குகிறார்கள். உடனே நிறுத்த வேண்டும். இப்போது உங்கள் போனுக்கு ஓர் எண் வரும். அதை மட்டும் சொல்லுங்கள்."

"ஐயோ தம்பி, நான் ஒன்றும் வாங்கவில்லையே!" என்று பதறிப் போகிறார் முனியம்மா. வந்த எண்ணைப் படித்துச் சொல்லி விடுகிறார். அந்த எண்தான் சாவி. மகள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று மாதா மாதம் மிச்சம் பிடித்த பணம் அந்த நிமிடமே வேறு கணக்குக்குப் போய்விடுகிறது.

முனியம்மா ஏன் நம்பினார்? "என் ஐ.சி. நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்? பேங்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்." இந்த ஒரே ஒரு நினைப்புத்தான் காரணம். இந்த நினைப்பு சரிதானா என்று பார்ப்போம்.

நம் அடையாள அட்டை எண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். முதல் ஆறு எண்கள் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அடுத்த இரண்டு எண்கள் பிறந்த மாநிலத்தைக் குறிப்பவை. பகாங்கில் பிறந்தவர்களுக்கு 06, பக்கத்துப் பேராவில் பிறந்தவர்களுக்கு 08. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, உங்கள் பிறந்த நாளும் பிறந்த ஊரும் தெரிந்த எவனுக்கும் பன்னிரண்டில் எட்டு எண்கள் ஏற்கெனவே தெரியும். இது பூட்டி வைத்த இரகசியம் அல்ல.

மீதி நான்கு எண்கள் எப்படிக் கிடைக்கும் என்கிறீர்களா? 2017 அக்டோபரில் நம் நாட்டில் ஒரு செய்தி வெளியாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 4 கோடியே 62 லட்சம் கைபேசி எண்களின் விவரங்கள் திருடப்பட்டுக் கைமாறிக் கொண்டிருந்தது தெரிய வந்தது. எண் மட்டுமல்ல, அதை வைத்திருப்பவரின் பெயர், முகவரி, ஐ.சி. எண் எல்லாம் அதில் இருந்தன. அப்போது மலேசியாவின் மக்கள் தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான்! மக்களைவிட எண்கள் அதிகம். ஒருவரிடமே இரண்டு மூன்று சிம் கார்டுகள் இருந்ததுதான் காரணம். தொடர்புத் துறை ஆணையமும் போலீசும் விசாரணை நடத்தின. ஆனால் ஒரு முறை வெளியே போன விவரத்தைத் திரும்ப அள்ள முடியுமா? கொட்டிய பால்தான்.

ஆகவே, "என் எண் அவனுக்குத் தெரியும்" என்பது அவன் வங்கிக்காரன் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. தோட்டத்து நுழைவாயிலில் நிற்கிறவனுக்கு நம் வீட்டு எண் தெரிந்திருக்கலாம். அதற்காகச் சமையலறை வரை விட்டு விடுவோமா?

அட்டைத் திருட்டின் கதையும் தெரிந்து கொள்ள வேண்டியதுதான். கார்டின் பின்புறத்தில் உள்ள கறுப்புப் பட்டையைச் சின்ன இயந்திரத்தில் தேய்த்து நகல் எடுத்து, அதைப்போலவே போலிக் கார்டு செய்து பணம் பறிக்கும் கூட்டம் முன்பு மலேசியாவில் பெருகியிருந்தது. அதை ஒடுக்க, 2005-க்குள் நம் வங்கிகள் கார்டுகளில் 'சிப்' பொருத்தின. 2017 ஜூலை 1 முதல் கையெழுத்தும் போய், ஆறு எண் கொண்ட பின் நம்பர் வந்தது. பூட்டு பலமாயிற்று. பூட்டை உடைக்க முடியாத திருடன் என்ன செய்வான்? வீட்டுக்காரரையே கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுவான். இன்றைய தொலைபேசி மோசடி அதுதான். நாம் திறக்காத வரையில் அவனால் உள்ளே வர முடியாது.

எதைத் திறக்கக் கூடாது? நான்கை மட்டும் மனத்தில் வையுங்கள். பின் நம்பர், கார்டின் முதுகில் உள்ள மூன்று எண்கள், கைபேசிக்கு வரும் ஒரு முறைக் குறியீட்டு எண், வங்கிச் செயலியின் கடவுச் சொல். இந்த நான்கையும் வங்கி ஒரு நாளும் தொலைபேசியில் கேட்காது. போலீசும் கேட்காது. "உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றினால் பத்திரமாக வைத்திருப்போம்" என்று போலீஸ்காரர் சொல்லவே மாட்டார். அப்படிச் சொன்னால் அவர் போலீஸ்காரர் இல்லை.

இப்போது பல வங்கிகள் குறியீட்டு எண்ணை அனுப்புவதை விட்டு, செயலியிலேயே 'சம்மதம்' என்று அழுத்தச் சொல்லுகின்றன. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு விதித்த ஏற்பாடு இது. திருடனும் பாடத்தை மாற்றிக் கொண்டான். "அழுத்துங்கள்" என்கிறான், அல்லது உதவிப்பணம், கல்யாணப் பத்திரிகை என்று வாட்சப்பில் ஏதோ ஒன்றை அனுப்பி, "இறக்கிக் கொள்ளுங்கள்" என்கிறான். நீங்கள் ஒன்றும் வாங்காதபோது எதற்கும் சம்மதம் அழுத்த வேண்டாம். தெரியாதவர் அனுப்பும் எதையும் கைபேசியில் ஏற்ற வேண்டாம்.

சந்தேகமாக இருக்கிறதா? பேச்சை வளர்க்காமல் போனை வையுங்கள். கார்டின் முதுகில் வங்கியின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். நீங்களே அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் கொடுக்கும் எண்ணைக் கூப்பிட்டால் அவனுடைய கூட்டாளிதான் எடுப்பான்.

வெளியூர்த் திருடனைப் பற்றி இவ்வளவு சொன்னோம். நம் லயத்துக்குள்ளேயே இருக்கும் ஓட்டையையும் பேசத்தான் வேண்டும். சகோதரிகளே, கோபித்துக் கொள்ளாதீர்கள்.

தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் பாதை வளைந்து நெளிந்து போவது. மழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். யாராவது டவுனுக்குப் போனால், "இந்தா, என் கார்டையும் கொண்டு போய் இருநூறு வெள்ளி எடுத்து வா" என்று பின் நம்பரையும் சொல்லி அனுப்புகிறோம். சிலர் கார்டின் உறையிலேயே எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். கார்டு தொலைந்தால், எடுத்தவனுக்கு வேலை மிச்சம். இன்னொன்று: அட்டையைத் தட்டிப் பணம் செலுத்தும் வசதியில் 250 ரிங்கிட் வரை பின் நம்பரே தேவையில்லை. வேண்டாம் என்று வங்கியிடம் சொன்னால் அதைக் குறைத்தோ நிறுத்தியோ தருவார்கள்.

இதைவிட மோசமானது கடனுக்கு ஈடாகக் கார்டையும் பின் நம்பரையும் ஒப்படைப்பது. சம்பளம் விழுந்த அன்றே வட்டிக்காரர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார். 1951-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டப்படி, ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடும், ஈடு வைத்த கடனுக்கு 12 விழுக்காடும்தான் உச்ச வட்டி. உரிமம் பெற்றவர் ஏ.டி.எம். கார்டைப் பிடித்து வைக்கக் கூடாது. பிடித்து வைப்பவர் எப்படிப்பட்டவர் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐ.சி.யும் அப்படியே. 1990-ஆம் ஆண்டுத் தேசியப் பதிவு விதிகளின்படி, சட்ட அனுமதி இல்லாமல் இன்னொருவர் அடையாள அட்டையை வைத்திருப்பது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025-ல் 18 வயது நிறைந்த குடிமக்களுக்கெல்லாம் அரசாங்கம் கொடுத்த 100 ரிங்கிட் உதவி மைகார்டுக்குள்தானே வந்தது? அந்த அட்டை இன்று வெறும் அடையாளம் அல்ல, பணப்பையும்கூட. கடையில் விட்டுவிட்டு வரும் பொருளா அது?

ஐ.சி. நகல் கொடுக்க வேண்டி வந்தால், நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்காக, யாருக்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். வெறும் நகலை வைத்து உங்கள் பெயரில் தொலைபேசி இணைப்பு வாங்கலாம். கடனுக்கும் விண்ணப்பம் போடலாம். உங்கள் பெயரில் வங்கிக் கடன் ஏதும் இருக்கிறதா என்று பேங்க் நெகாராவின் 'சிக்ரிஸ்' பதிவில் காசில்லாமல் பார்க்கலாம். படித்த பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு முறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வாலிபப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, முந்நூறு வெள்ளி தருகிறேன்" என்று யாராவது வந்தால் ஓடி விடுங்கள். திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். 2024-ல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் சேர்த்துவிட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பலாம் என எண்ண வேண்டாம்.

சரி, இவ்வளவு கவனமாக இருந்தும் பணம் போய்விட்டது. என்ன செய்வது? அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது. திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று மாற்றிக் கொண்டே இருப்பான். அது கையில் எடுக்கப்படும் முன் மறித்தால்தான் கிடைக்கும். ஒவ்வொரு நிமிடமும் காசு.

முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். செயலியிலேயே கணக்கை நீங்களே உடனடியாக முடக்கும் வசதியும் உண்டு. அடுத்து 997. இது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா, வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து பணம் போன பாதையைப் பிடிக்கும் இடம் அது. பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். வந்த எண், பேசிய நேரம், பணம் போன கணக்கு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கைபேசியில் உள்ள செய்திகளை அழிக்காதீர்கள். மைகார்டும் திருடு போயிருந்தால் புகார் நகலோடு பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும். கைபேசியில் காரணமில்லாமல் திடீரென்று தொடர்பு அற்றுப் போனாலும் விசாரியுங்கள். உங்கள் எண்ணை யாராவது வேறு சிம்மில் மாற்றியிருக்கலாம்.

வங்கி கையை விரித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் முறையிடலாம். 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தைகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பு ஒன்றும் இயங்குகிறது. வங்கியின் இறுதி முடிவு எழுத்தில் வந்த 6 மாதத்துக்குள் அங்கே புகார் செய்யலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை.

கடைசியாக வீட்டில் உள்ள ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். பணத்தைத் தொலைத்த தாய் பல வீடுகளில் அதை வெளியே சொல்வதே இல்லை. "படிக்காதவள், ஏமாந்துவிட்டாள்" என்று சொல்லி விடுவார்களே என்ற பயம். அந்தப் பயத்தில் இரண்டு நாள் மறைப்பார். பணத்தை மீட்க இருந்த நேரமும் அதோடு போய்விடும். இந்தக் கூட்டத்திடம் ஆசிரியர்களும் அதிகாரிகளும்கூட ஏமாந்திருக்கிறார்கள். இது படிப்பைப் பொறுத்த விஷயம் அல்ல. ஆகையால் ஏச வேண்டாம். "அம்மா, எப்போது கூப்பிட்டான்? என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே 997-ஐ அழுத்துங்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டி, வீட்டில் நாள்காட்டி மாட்டியிருக்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்றால் நீங்கள் படித்துக் காட்டுங்கள். அடுத்த இதழில் வேறொரு கணக்கோடு சந்திப்போம்.