விரலுக்குத் தகுந்த வீக்கம்! ஜீப்புக்குத் தகுந்த டயர்!

திண்டிவனத்துப் பக்கம் ஒரு குடும்பம். கொஞ்சம் நிலம் இருக்கிறது. நிலக்கடலையும் கரும்பும் பயிரிடுகிறார்கள். பழைய ஜிப்சி வண்டி ஒன்றை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"அப்பா, வண்டியை 2 அங்குலம் தூக்கிவிடலாம். பெரிய டயராகப் போடலாம்" என்கிறான் மகன்.

"இருக்கிற டயரே போதும். காசு என்ன மரத்திலா காய்க்கிறது?" என்கிறார் அப்பா.

அம்மா குறுக்கிடுகிறாள். "அது கிடக்கட்டும். இந்த வண்டி தினமும் எங்கே போகப்போகிறது? அதை முதலில் சொல்லுங்கள்" என்கிறாள்.

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி! டயர் வாங்கும் எல்லோரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

ஏன் இந்த ஆசை?

உயரமான வண்டி வேண்டும் என்று நினைப்பதில் தவறு இல்லை.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு, 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, "உயரமான வண்டி ஒன்று இருந்தால் நல்லது" என்று தோன்றுவது இயற்கை.

ஆனால், ஒன்றை மறக்கக்கூடாது. ஓடுகிற வெள்ளத்தில் பெரிய டயர் காப்பாற்றாது. டயருக்குள் இருப்பது காற்று. டயர் பெரிதானால், தண்ணீரில் மிதக்கும் தன்மையும் கூடும். சக்கரத்தின் பிடி தளரும். வெள்ளம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், எந்த வண்டியாக இருந்தாலும் நிறுத்திவிடவேண்டும்.

எண்ணைப் படிப்பது எப்படி?

டயரின் பக்கவாட்டில் ஓர் எண் இருக்கும். பிற்காலத்து ஜிப்சி வண்டிகள் பலவற்றில் 205/70 ஆர் 15 என்று இருந்தது. இதைப் படிப்பது சுலபம்.

205 என்பது டயரின் அகலம். மில்லிமீட்டரில் சொல்வது.

70 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 100க்கு 70 பங்கு என்று பொருள். அதாவது 14 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம்.

'ஆர்' என்றால் ரேடியல் டயர்.

15 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் குறுக்களவு. இது அங்குலத்தில்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், டயரின் மொத்த உயரம் சுமார் 67 சென்டிமீட்டர். அதே வளையத்தில் 215/75 டயர் போட்டால் சுமார் 70 சென்டிமீட்டர். 235/75 போட்டால் சுமார் 73 சென்டிமீட்டர்.

வண்டியைத் தூக்கினால் என்ன ஆகும்?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ஸ்பிரிங்கை உயர்த்தி 2 அங்குலம் தூக்கினால் எது உயரும்? வண்டியின் உடம்பு உயரும். ஆக்சில் உயராது! ஆக்சிலின் நடுவே உருண்டையாக ஓர் இரும்புக் கூடு இருக்கிறதே, அதுதான் கல்லிலும் வரப்பிலும் இடிப்பது. ஜிப்சியிலும் பழைய ஜீப்பிலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான்.

டயர் எவ்வளவு உயர்த்தும்? கூடுகிற உயரத்தில் பாதிதான். 215/75 டயர் போட்டால் 2 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 235/75 போட்டாலும் 3 சென்டிமீட்டரும் கொஞ்சமும்தான். அந்த 3 சென்டிமீட்டருக்காகக் கொடுக்கிற விலை என்ன தெரியுமா?

பெரிய டயரின் விலை

கடைக்காரர் வாங்குகிற விலையைச் சொல்லவில்லை. வண்டி கொடுக்கிற விலையைச் சொல்கிறோம்.

பழைய டயர் ஒரு சுற்றுச் சுற்றினால், வண்டி 210 சென்டிமீட்டர் போகும். 235/75 டயர் ஒரு சுற்றில் 230 சென்டிமீட்டர் போகும். ஜிப்சியின் என்ஜினோ 1,300 சி.சி. சின்ன என்ஜின். மேட்டில் ஏற அது திணறும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும்.

வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். முள் 80 கிலோமீட்டர் என்று காட்டும்போது, வண்டி 88 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

கனமான சக்கரத்தை நிறுத்தப் பிரேக்குக்கு அதிக வேலை. வண்டி உயர்ந்துவிட்டதால் வளைவில் கவிழும் அபாயமும் கூடுகிறது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வாருங்கள். வண்டி தினமும் எங்கே போகிறது? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். வழி எல்லாம் நான்கு வழிச் சாலை. பஸ்ஸும் லாரியும் பறக்கின்றன. பத்து நாளில் ஒன்பது நாள் வண்டி ஓடுவது அந்தத் தார் ரோட்டில்தான். ஒரு நாள் சேற்றுக்காக, ஒன்பது நாள் உயிரைப் பணயம் வைக்கலாமா?

ஆகவே 2 அங்குலம் தூக்கிய ஜிப்சிக்கு ஒரு படி பெரிய டயர் போதும். 215/75 போட்டால், முள் 80 காட்டும்போது உண்மை வேகம் 84. வித்தியாசம் சிறியது. அதை மனதில் வைத்து ஓட்டலாம்.

அகலம் இருந்தால் பலமா?

எப்போதும் இல்லை! இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லீஸ் ஜீப்புக்கு 6 அங்குல அகல டயர்தான். 1947 முதல் மகிந்திரா கம்பெனி இந்தியாவில் பூட்டிக் கொடுத்ததும் வில்லீஸ் ஜீப்புகளே. மேலே மட்டும் சேறும் அடியில் கெட்டித் தரையும் இருந்தால், ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கும். கெட்டித் தரையைப் பிடித்துக்கொள்ளும். மணலில் அகல டயர் நல்லது. ஆனால், மரக்காணம் கடற்கரையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கரையோரத்தில் கடல் ஆமைகள் முட்டையிடும்.

வாங்குமுன் பாருங்கள்

நான்கு சக்கரமும் ஸ்டெப்னியும் ஒரே அளவாக இருக்கட்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் அளவு மாறினால் கியர் பெட்டி கெடும்.

புது டயரின் சுமை எண், பழையதைவிடக் குறையக்கூடாது. 100 என்று இருந்தால் அந்த டயர் 800 கிலோ தாங்கும்.

செய்த தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

டயரை மாட்டியதும், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றிவிட்டு மறுபடியும் திருப்புங்கள். மட்கார்டிலோ, ஸ்பிரிங்கிலோ, பிரேக் குழாயிலோ உரசினால், அந்த டயர் உங்கள் வண்டிக்கு ஆகாது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைப் படிக்கவேண்டும். கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று அது கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தியது. எனவே, பணிமனைக்குப் போகுமுன் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். திண்டிவனத்திலும் இருக்கிறது, விழுப்புரத்திலும் இருக்கிறது. இன்சூரன்சு கம்பெனிக்கும் எழுதிக் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

பணிமனை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். "பெரிய டயர் போடு" என்று இளைஞர்கள் கேட்டால், உடனே மாட்டி விடாதீர்கள். "தம்பி, தினமும் எங்கே போகிறாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு வியாபாரம் குறையலாம். ஒரு குடும்பம் பிழைக்கும்.

பார்ப்பவர் மெச்சுவதற்காக அல்ல டயர். போனவர் வீடு திரும்புவதற்காக!