பேறுகால உதவிக்கு வயதும் கணக்கும் எதற்கு?

திருத்தணி சுற்றுவட்டார ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நகரி, புத்தூர் வரை இன்றும் நடக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடுதான் மாறியது, உறவுமுறை மாறவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த பெண் கருவுற்றால் சிக்கல் தொடங்குகிறது. ஆதாரில் ஆந்திர முகவரி, பெயருக்குப் பின்னால் தந்தை பெயர், வங்கிக் கணக்கோ பிறந்த ஊரில். இவற்றைச் சரிசெய்ய அலைவதற்குள் வயிறு தெரியத் தொடங்கிவிடுகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமாகவும், 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கின்றன. கூலி வேலையை நிறுத்தவேண்டிய மாதங்களில் இது சிறு தொகை அல்ல. இதற்குக் கருவுற்ற 12 வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் பெறவேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவை. ஆகவே ஆதார் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் முதலில் பதிவு செய்துவிடுங்கள். கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால், அண்ணியின் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு உதவி இல்லை. 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே என்பவை விதிகள். 18 வயதில் மணம் முடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதே வயதில் கருவுற்றால் உதவி கிடையாது. இளவயதுத் திருமணத்தை நாம் ஆதரிக்கவில்லை. மகளைச் சீக்கிரம் கட்டிக்கொடுக்கும் பெற்றோரைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தண்டனை வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கா? படிப்பு பாதியில் நின்று, சீக்கிரம் மணம் முடிக்கப்படும் பெண்கள் எந்தத் தெருவில் அதிகம் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பணியிலும் அதுபோன்ற சலுகை உள்ள வேலையிலும் இருப்போர் நீங்கலாக, கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்கிறது. அதில் வயதுக் கணக்கும் பிள்ளைக் கணக்கும் இல்லை. அதே ஆண்டில் ஜனனி சுரக்‌ஷா திட்டத்திலும் இந்த இரண்டு நிபந்தனைகளை மத்திய அரசு நீக்கியது. அத்திட்டத்தில் அரசு மருத்துவமனையில் பிள்ளை பெறும் பட்டியலினத் தாய்க்குக் கிராமம் என்றால் 700 ரூபாய் தரப்படுகிறது. 700 ரூபாய்க்குத் தேவைப்படாத நிபந்தனை 14,000 ரூபாய்க்கு மட்டும் ஏன் நீடிக்கவேண்டும்?

பட்டியலின, பழங்குடித் தாய்மார்களுக்காவது இந்த இரண்டு விதிகளையும் தமிழக அரசு உடனே தளர்த்தவேண்டும். திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் ஆதார் திருத்த முகாமைத் தாலுகா அலுவலகத்தில் நடத்தினால் போதாது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருத்தணி ஒன்றியங்களின் குடியிருப்புகளுக்கே, செவிலியர் வரும் நாளிலேயே கருவியோடு வரவேண்டும்.