கீரைக்கு எப்போது கூட்டுறவு?
புனே நகரத்துக் குல்டேக்டி சந்தையில் காய்கறி விற்ற குடியானவனுக்குப் பணத்தோடு கொடுக்கப்பெற்ற துண்டுச் சீட்டில், விலைக்குக் கீழே தரகு, சுமைகூலி, எடைக்கூலி என்று கழிவுகள் வரிசையாக ஏறி நிற்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2016-இல் மஹாராஷ்டிர அரசாங்கம் காய்கனிகளைச் சந்தைக் குழுக்களின் கட்டுப்பாட்டினின்று விடுவித்தபோது, இனி அவன் எவருக்கும் எங்கும் விற்கலாம் என்று பலரும் அகமகிழ்ந்தனர். சுதந்திரம் வந்தது மெய்தான். ஆயினும் அரை ஏக்கரில் வெந்தயக்கீரை போடுகிறவன், சில கட்டுகளுக்காக வண்டி பிடித்து வந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, விடியுமுன் வயலுக்குத் திரும்புவது எங்ஙனம் என்பதற்குச் சட்டத்தில் விடை ஏது? முல்ஷி வட்டாரத்து உழவர்கள் 'அபினவ் பார்மர்ஸ் கிளப்' என்ற பெயரால் ஒன்றுகூடி, விளைந்ததைத் திரட்டிப் புனே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலுக்கே அனுப்பத் தலைப்பட்டது அந்தச் சட்டம் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. விட்டல்ராவ் விகே பாட்டீலும் புனேயின் பொருளாதார மேதை தனஞ்சயராவ் காட்கிலும் 1950-லேயே பிரவரா ஆற்றங்கரையில் கரும்பு விவசாயிகளைக் கொண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை ஓட்டிக் காட்டிய இந்த ராஜ்யத்தில், கீரைக்காரனுக்கு அந்த யோகம் வாய்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஏன் சென்றது? ஆலைக்குத் தலைவர் பதவி உண்டு, அதிலிருந்து சட்டசபைக்கு ராஜபாட்டையும் உண்டு; மாலைக்குள் வாடிவிடும் கீரையைக் கொண்டு எவர்தாம் மந்திரியாக முடியும்? திராட்சைக்கு 1991-லேயே 'மஹாகிரேப்ஸ்' என்ற கூட்டுறவுக் கூட்டமைப்பு அமைந்துவிட்டதென்றால், அது சீமைக்குக் கப்பலேறும் சரக்கு என்பதே காரணம் என எனக்குத் தோன்றுகிறது.