மாடிக்கு எட்டாத வைஃபை

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நம் வாசகர் இல்லங்கள் பல ஒரே முறையில் கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. 1971-ல் சிப்காட் நிறுவனம் தோன்றி, பின்னர் ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்து, 1980-களில் பெரிய ஆலைகள் இயங்கத் தொடங்கிய காலத்தில், வேலையை நம்பி வந்த குடும்பங்கள் ஒரு மனையை வாங்கி முதலில் கீழ்த்தளத்தை மட்டும் எழுப்பின. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு முதல் மாடி. கையில் இன்னும் சிறிது சேர்ந்ததும் வாடகைக்கென இரண்டாம் மாடி, அல்லது பின்கட்டில் வரிசையாக லைன் வீடுகள். இவ்வாறு தவணை முறையில் வளர்ந்த வீட்டிற்குள் இன்று இணையம் வருகின்றது. அது வந்து சேரும் இடமோ, கீழ்த்தளத்து முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகுப்புறம். மாடியில் இருப்பவர் கதி என்ன?

மாடியில் இருப்பவர் பெரும்பாலும் வீட்டின் வருவாய்க்குத் துணை நிற்கும் மகளோ மருமகனோ ஆவார். 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பிறகு, பெங்களூரு நிறுவனங்களில் பணிபுரிவோர் பலர் வாரத்தில் சில நாட்களேனும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கின்றனர். அத்திப்பள்ளி நெரிசலில் சிக்காமல் தப்பியது நல்லதே. ஆனால் மேலதிகாரியுடன் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்று முறை தொடர்பு அறுந்தால், அவர் அதை வைஃபையின் குற்றமாகக் கொள்ளமாட்டார். பணியாளரின் பொறுப்பின்மையாகவே கொள்வார். வீட்டிலும் “நீ படம் பார்த்ததால்தான் எனக்கு நெட் நின்றது” என்று அண்ணனும் தங்கையும் மோதிக்கொள்வர். முடிவில் தந்தையார் கடைக்குச் சென்று 1,500 அல்லது 2,000 ரூபாய் கொடுத்து இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி வருவார். தொல்லை தீரும் என்று எல்லாரும் எண்ணுவர். பல வீடுகளில் உண்மையான தொல்லை அன்றுதான் தொடங்குகின்றது.

இரண்டாவது பெட்டியைக் குறை கூறுவதற்கு முன், குறை வெளியிலா உள்ளேயா என்று அறிந்துகொள்ளுதல் வேண்டும். இணையம் தரும் நிறுவனத்தார் வைத்த பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி வரவில்லை என்பது பொருள். சாலையில் எங்கோ பள்ளம் தோண்டி இழையை வெட்டியிருப்பர். புகார் கொடுப்பதைத் தவிர நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. விளக்கு ஒழுங்காக இருந்தால், மடிக்கணினி ஒன்றை அப்பெட்டியோடு கேபிள் மூலம் நேராக இணைத்து அரைமணி நேரம் பார்க்கலாம். அப்போதும் விட்டுவிட்டு வந்தால் குறை வெளியில்தான். நேராக இணைக்கும்போது தடையின்றி ஓடி, மாடிக்குச் சென்றால் மட்டும் தடுமாறுகிறது என்றால், நோய் நம் வீட்டிற்குள் இருக்கின்றது.

இனி நோயின் மூலத்திற்கு வருவோம். வீட்டிலுள்ள ஒவ்வொரு கைபேசிக்கும், கணினிக்கும், தொலைக்காட்சிக்கும் ரவுட்டர் ஓர் எண்ணை வழங்குகின்றது. 192.168 என்று தொடங்கும் இவ்வெண்ணே வீட்டிற்குள் அக்கருவியின் முகவரி. இவ்வாறு முகவரி வழங்கும் பணிக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். கடையிலிருந்து வரும் ஒவ்வொரு ரவுட்டரும், வீட்டிற்குத் தானே தலைமை என்று எண்ணிக்கொண்டு, இப்பணியைச் செய்ய ஆயத்தமாகவே வருகின்றது. கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டும் முகவரி வழங்கத் தொடங்கினால் என்னவாகும்? நம் தெருக்களில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என இரண்டும் எழுதப்பட்டிருக்கும் வீடுகளுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரரைக் கேட்டால் விடை கிடைக்கும். ஒரே எண் இரு கருவிகளுக்குப் போய்ச் சேரலாம். அல்லது, வெளியுலகிற்குச் செல்லும் வாயில் மாடிப் பெட்டிதான் என்று கைபேசி நம்பிவிடலாம். அந்தப் பெட்டிக்கோ வெளியே செல்லும் வழி தெரியாது. காலையில் எந்தப் பெட்டி முந்திக்கொண்டு முகவரி தந்தது என்பதைப் பொறுத்து, இன்று நெட் வரும், நாளை வராது. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடும்” என்று வீடுதோறும் சொல்கிறோமே, அதன் இரகசியம் பல வேளைகளில் இதுதான்.

கேபிளை இரண்டாவது பெட்டியில் ‘வேன்’ என்று குறித்த துளையில் செருகினால் இக்குழப்பம் வராது, வேறொன்று வரும். அப்போது மாடி தனி வீடாகவும் கீழ்த்தளம் தனி வீடாகவும் பிரிந்துவிடும். இணையம் இரண்டிலும் கிடைக்கும். ஆயினும் மாடியில் உள்ள கருவிகளுக்குக் கீழே உள்ள பிரிண்டர் பெரும்பாலும் தானாகத் தென்படாது. கைபேசிப் படத்தைக் கீழ்த்தளத்துத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது. இரண்டு பெட்டிகளும் ஒரே எண்வரிசையைப் பயன்படுத்தினால், மாடியில் இணையமும் நின்றுவிடக் கூடும்.

இதனைக் கண்டறிய எளிய வழி உண்டு. கைபேசியின் வைஃபை விவரப் பகுதியில் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் காணப்படும். கீழே நின்று ஒரு முறையும், மாடியில் நின்று ஒரு முறையும் அதைக் குறித்துக்கொள்க. கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் தொடங்கினால், வீட்டில் இரு தலைமைகள் உள்ளன என்பதில் ஐயமில்லை. இரு இடத்தும் தொடக்கம் ஒன்றாகவே இருப்பினும், ‘கேட்வே’ என்ற எண் மாறுபட்டால் அதுவும் அதே நோய்தான்.

மருந்து யாதெனில், முகவரி வழங்கும் உரிமை ஒரு பெட்டிக்கு மட்டும். மற்றது வெறும் வைஃபை பரப்பும் பெட்டியாக அடங்கியிருத்தல் வேண்டும். இன்று விற்கும் ரவுட்டர்கள் பலவற்றில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்றொரு நிலை உள்ளது. அதற்கு மாற்றினால் போதும். அந்நிலை இல்லாத பழைய ரவுட்டராயின், அதன் அமைப்புப் பக்கத்திற்குள் சென்று டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, அதன் சொந்த எண்ணை மாற்றிவைக்க வேண்டும். முதற் பெட்டி 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 என்று வைக்கலாம். ஆனால் முதற் பெட்டி பிறருக்கு வழங்கும் எண்வரிசைக்குள் அது வராதபடி பார்த்துக்கொள்க. பிறகு முதற் பெட்டியின் ‘லேன்’ துளையிலிருந்து இரண்டாவதன் ‘லேன்’ துளைக்குக் கேபிள் செல்லட்டும். ‘வேன்’ துளையைத் தொட வேண்டாம். ஒரு கேபிள் மட்டும் போதும். இரண்டு கேபிள் இட்டால் வேகம் இருமடங்காகும் என்று கருதி இரண்டையும் செருகினால், செய்திகள் வட்டமிட்டுச் சுழன்று வீடு முழுவதும் இணையம் ஸ்தம்பித்துவிடும்.

கேபிள் இழுக்கச் சுவரைத் துளைக்க வேண்டுமே என்று தயங்கி, ‘ரிப்பீட்டர்’ வாங்குவோர் உண்டு. ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அன்றியும், வைஃபை நன்றாகக் கிடைக்கும் இடத்திலிருந்துதான் அது எடுத்துக் கொடுக்க முடியும். வைஃபையே எட்டாத அறையில் வைத்தால் பயனில்லை. நம் கருத்தில், ஒரு நாள் தூசியைப் பொறுத்துக்கொண்டு கேபிளைப் போட்டுவிடுவதே மேல். கேட்-6 வகைக் கேபிள் 100 மீட்டர் வரை செல்லும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளை ஒதுக்கி, முழுச் செம்பாகக் கேட்டு வாங்குக. மின்கம்பி செல்லும் குழாயிலேயே இதையும் நுழைக்கலாகாது. மொட்டைமாடி வழியாக அடுத்த கட்டடத்திற்கு இழுப்பதும் வேண்டாம். சித்திரை, வைகாசி இடிமழையில் அருகே மின்னல் விழுந்தால், இரு வீட்டுப் பெட்டிகளும் ஒன்றாகக் கருகிப்போகும்.

பெட்டியை வைக்கும் இடம் பற்றியும் ஒரு சொல். தளம் முழுதும் இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட். வைஃபை அலை அதைத் துளைத்துச் செல்ல மிகவும் திணறும். படிக்கட்டுத் திறப்போ அலைக்கு நல்ல வாயில். ஆதலால் மாடிப் பெட்டியைப் படிக்கட்டின் மேல்முனையருகே உயரமாக வைப்பது நன்று. இரும்புப் பீரோவின் மேலோ, தண்ணீர்த் தொட்டிச் சுவரின் அருகிலோ வேண்டாம்; இரும்பு அலையைத் தடுக்கும், நீர் உறிஞ்சிக்கொள்ளும். நெருக்கமான லைன் வீடுகளில் அக்கம்பக்கத்து வைஃபைகளும் ஒன்றோடொன்று மோதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. கீழ்ப்பெட்டிக்கு 1 என்றால் மேற்பெட்டிக்கு 6 அல்லது 11 கொடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் இந்த அலையிலேயே வேலை செய்வதால், சமையலறைக்கு அருகில் பெட்டி வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். பெட்டி இருக்கும் அறைக்கு அது உகந்தது.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு குறை மிஞ்சலாம். ஜூஜூவாடியில் குடியிருப்போர்க்கு இது புதிதன்று. தமிழகத்தில் நின்றுகொண்டே கைபேசி கர்நாடகக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டு விட மறுப்பதும், அதற்கு ரோமிங் கட்டணம் கொடுத்துப் புலம்பியதும் முன்னாளில் எல்லை ஊர்களில் கண்ட கதையே. வீட்டிற்குள்ளும் அதேதான் நிகழ்கின்றது. எந்த ரவுட்டரைப் பற்றுவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ரவுட்டர் அன்று, கைபேசியே. கீழே பற்றியதை மாடி ஏறிய பின்னும் அது விடாது. இரு பெட்டிகளுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை வைத்தால் மாறுவது அதற்கு எளிதாகும். அப்படியும் மாறவில்லையேல், கீழ்ப்பெட்டியின் அலை வலிமையைச் சற்றுக் குறைத்தால் கைபேசி தானே மேற்பெட்டியை நாடும். வலிமை கூடக்கூட நன்மை என்று எண்ணுவது இவ்விடத்தில் பொருந்தாது.

வாடகைக் குடும்பத்தார்க்கு வைஃபை பகிர்ந்தளிக்கும் வீட்டுக்காரர்கள், தம் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் ‘கெஸ்ட்’ வலையைத் திறந்துவிடுதல் இருசாரார்க்கும் நல்லது. ஒன்று நினைவிருக்கட்டும்: ஆக்சஸ் பாயிண்டாக மாற்றிய பெட்டியில் உள்ள கெஸ்ட் வலை, சில மாதிரிகளில் வீட்டுக் கருவிகளை முழுமையாக மறைப்பதில்லை. முதற் பெட்டியிலேயே அதனை அமைத்தல் நலம்.

கடைசியாக, மின்சாரம். கீழ்ப்பெட்டிக்கு மட்டும் சிறு யு.பி.எஸ். வாங்கிவைத்து, மாடிப் பெட்டியை மறந்துவிடுவோர் பலர். மும்முனை இணைப்புள்ள வீடுகளில் ஒரு பேஸ் மட்டும் போய்விடும் நாட்களில், கீழே விளக்கெரிய, மாடியில் வைஃபை மாண்டுகிடக்கும். உள்ளவரோ நிறுவனத்தாரைத் திட்டிக்கொண்டிருப்பார். இரண்டிற்கும் யு.பி.எஸ். வைப்பதாயின், அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் ஆகிய இரண்டையும் பார்த்து வாங்குக. ரவுட்டர் 12 வோல்ட் கேட்டால் யு.பி.எஸ். தருவதும் 12 வோல்ட்டாகவே இருத்தல் வேண்டும். ரவுட்டர் 2 ஆம்பியர் கேட்க, யு.பி.எஸ். 1 ஆம்பியர் மட்டும் தருவதாக இருந்தால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் பெட்டி அணைந்து அணைந்து எரியும்.