ஆடு பயிரை மேய்ந்தால் பவுண்டு. நாய் ஆட்டைக் கொன்றால்?

செஞ்சி வாரச்சந்தையில் வெள்ளிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் ஆட்டு வியாபாரம் பெரும்பாலும் முடிந்துவிடும். பக்ரீத், தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் அந்த வியாபாரம் கோடிக்கணக்கில் பேசப்படும். சிங்கவரம், மேல்சித்தாமூர் தொடங்கிப் பக்கமலை அடிவாரம் வரை, ஏரித் தண்ணீரையும் மானாவாரியையும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மழை பொய்த்த ஆண்டில் கைகொடுப்பவை வெள்ளாடும் செம்மறியும்தான். கல்லூரிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்தால், அடகு நகையை மீட்க வேண்டியிருந்தால், இரண்டு உருப்படியைச் சந்தைக்கு ஓட்டிப்போய்ப் பணமாக்கலாம். நாலைந்து நாய்கள் ஒரே இரவில் பட்டிக்குள் புகுந்து அந்தச் சேமிப்பை அழித்துவிட்டால், ஆட்டுக்காரர் யாரிடம் போய்க் கேட்பது? நம் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இல்லை. தெருநாய் பற்றி நாடு முழுவதும் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறோம். ஆனால் கால்நடை வளர்ப்பவருக்கு வேண்டியது, பொறுப்பு யாருடையது என்று உறுதிசெய்யும் உள்ளாட்சி விதி.

சிறுத்தை பெரும்பாலும் ஓர் ஆட்டைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்விடும். நாய்க்கூட்டம் அப்படிச் செய்வதில்லை. ஓடுகிற ஆட்டைக் கண்டால் துரத்தும். தொண்டையையும் பின்னந்தொடையையும் குதறிப் போட்டுவிட்டு அடுத்ததன்மேல் பாயும். தின்றது கொஞ்சமாகவும் கொன்றது அதிகமாகவும் இருக்கும். மிரண்ட செம்மறிகள் பட்டியின் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பல் படாமலேயே மூச்சுமுட்டிச் சாவதும் உண்டு. தப்பிய சினை ஆட்டுக்கு அந்த அதிர்ச்சியிலேயே சினை கலையலாம். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பகுதிகளில் இத்தகைய இழப்புகள் தொடர்ந்ததால்தான், விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்யும் நிலை வந்தது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன; தெருநாய்கள் சுமார் 4.4 லட்சம். மேய்ச்சல் நடக்கும் எந்த ஊரிலும் நாளைக்கே நேரக்கூடிய இழப்பு இது. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகளை அரசே கொடுத்தது. கொடுத்த ஆட்டைக் காக்கும் விதியை மட்டும் யாரும் எழுதவில்லை.

இதே ஆடு பக்கத்து வயலில் இறங்கிப் பயிரை மேய்ந்தால் என்ன ஆகும்? அதற்கு 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இருக்கிறது. வயல்காரர் ஆட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டு என்னும் கால்நடை அடைப்புக் கொட்டடியில் அடைக்கலாம். ஆட்டுக்காரர் தண்டமும் தீனிச் செலவும் கட்டித்தான் மீட்க முடியும். அந்தச் சட்டம் கால்நடை என்று சொல்லும் பட்டியலில் யானை இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, பன்றி இருக்கிறது, ஆட்டுக்குட்டிகூட இருக்கிறது. நாய் இல்லை. பயிரைக் காக்க எழுந்த சட்டம் என்பதால் அது இயல்புதான். ஆனால் இதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1865இல், ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் வேறொரு சட்டம் இயற்றியிருந்தார்கள். நாய் மாட்டையோ ஆட்டையோ காயப்படுத்தினால் நாய்க்காரர் இழப்பீடு தரவேண்டும். அது கடிக்கும் குணமுள்ளது என்று அவருக்கு முன்பே தெரியும் என நிரூபிக்கத் தேவையில்லை என்றது அச்சட்டம். பின்னர் வந்த 1953, 1971ஆம் ஆண்டுச் சட்டங்களும் அந்தப் பொறுப்பை நாய்க்காரர்மேலேயே வைத்தன. வயல்காரரைக் காக்கும் சட்டம் இங்கே வந்தது. ஆட்டுக்காரரைக் காக்கும் சட்டம் கப்பல் ஏறவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டோம்.

விலங்கை அலட்சியமாக விட்டுவைப்பவரைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தோ மனிதருக்குக் கொடுங்காயமோ நேரக்கூடிய நிலையைத்தான் பேசுகிறது. கால்நடையைக் கொல்வதைக் குற்றமாக்கும் 325ஆம் பிரிவுக்கு, கெடுதல் செய்யும் எண்ணமோ அது நேரும் என்ற அறிவோ இருக்கவேண்டும். அவிழ்த்துவிட்ட நாய்க்காரர்மேல் அதை நிறுத்துவது கடினம். சிவில் வழக்குப் போடலாம் என்றால், ஆறாயிரம் ரூபாய் ஆட்டுக்கு அதைவிட அதிகமாக வக்கீல் கட்டணம் ஆகும். நாய்களைப் பற்றிய மத்திய விதிகளான 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடை செய்து தடுப்பூசி போடும் கடமையை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்திருக்கின்றன. அந்தக் கடமை தவறியதால் பட்டி அழிந்தால் என்ன செய்வது என்று அவை சொல்லவில்லை. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. அந்த வரிசையில் மேய்ச்சல் நிலமும் ஆட்டுப்பட்டியும் இல்லை.

காட்டு விலங்கு விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மேல். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிறுத்தையையும் புலியையும் தொடக்கூடாது என்கிறது. அதற்கு ஈடாக, அவை கால்நடையைக் கொன்றால் வனத்துறை இழப்பீடு தருகிறது. மனுக் கொடுக்க ஓர் அலுவலகமும் பதில்சொல்ல ஒரு ரேஞ்சரும் இருக்கிறார்கள். அந்த ஏற்பாடு விவசாயிக்கு நம்பிக்கை தராதபோது என்ன நடக்கும் என்பதை 2023 செப்டம்பரில் நீலகிரியில் பார்த்தோம். அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. புலி கொன்ற மாட்டின் உடலில் விஷம் வைத்ததாக அந்த மாட்டின் சொந்தக்காரர் கைதுசெய்யப்பட்டார். இழப்பீடு விவசாயிக்குக் காட்டும் கருணை மட்டும் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அது காட்டு விலங்கின் உயிருக்கும் காப்பீடு. நாய்க்கும் இதே கணக்குத்தான். கேட்க ஆளில்லாத ஊரில் கறித்துண்டில் விஷம் வைப்பவர் கட்டாயம் வருவார்; அதில் குற்றம் செய்யாத நாயும், நரியும், கீரியும், காக்கையும் சேர்ந்து சாகும்.

தெருநாய் கடித்துச் சாகும் மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 6,000, கோழிக்கு 200 என்று 2025இல் தமிழக அரசு இழப்பீடு அறிவித்தது வரவேற்கத்தக்கது. பேரிடர் நிவாரண விதியில் ஆட்டுக்கு இருந்த 4,000 ரூபாயைவிட இது கூடுதல். ஆனாலும் இரண்டு குறைகள் நிற்கின்றன. பக்ரீத் நேரத்தில் நன்கு வளர்ந்த கிடா பத்தாயிரத்தைத் தாண்டும். சினை ஆட்டோடு போகும் குட்டிகளுக்குக் கணக்கே இல்லை. இரண்டாவது குறைதான் பெரியது. பணம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருவதால், நாய்களைக் கட்டுப்படுத்தத் தவறிய உள்ளாட்சிக்கு அதனால் ஒரு பைசா நட்டமில்லை. புயலுக்குத் தருவதைப் போல நிவாரணம் தருகிறோம். புயலை யாரும் வளர்ப்பதில்லை. நாய்க்கூட்டம் அப்படியா? கோழிக்கடைக் கழிவை மூட்டை கட்டி ஏரிக்கரையில் கொட்டுகிறோம், வீட்டு நாய் போட்ட குட்டிகளைச் சாக்கில் போட்டு ஊரெல்லையில் விட்டுவருகிறோம், கருத்தடையைத் தள்ளிப்போடுகிறோம். இத்தனையும் சேர்ந்துதான் பட்டிக்குள் பாய்கிறது.

ஆகவே மாநில அரசு ஒரு மாதிரி விதியை வகுத்து, ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் அதை ஏற்கச் செய்யவேண்டும். வளர்ப்பு நாய்க்குப் பதிவும் கழுத்துப் பட்டையும் கட்டாயமாகட்டும். பதிவான நாய் ஆட்டைக் கொன்றால் 1865இன் அந்தப் பழைய நியாயப்படி உடையவர் கொடுக்கட்டும். கறிக்கடை உரிமத்தைக் கழிவு அகற்றும் ஏற்பாட்டோடு பிணைத்து, ஏரிக்கரையில் கொட்டினால் உரிமம் ரத்து என்று எழுதட்டும். ஆளில்லாத நாய் கொன்றால் இழப்பீட்டில் ஒரு பங்கை உள்ளாட்சி ஏற்கட்டும். கருத்தடை, தடுப்பூசி இலக்கை எட்டிய உள்ளாட்சிக்கு அந்தப் பங்கைத் தள்ளுபடி செய்யலாம். மனு கொடுத்து முப்பது நாளில் பணம் வரவேண்டும் என்ற கெடுவும் வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வெறிநோயுள்ள நாயையும் மூர்க்கமான நாயையும் பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது என்றது. கால்நடையைக் கொன்றதாக உறுதியான நாய் இந்த இரண்டாவது வகையில் சேரும் என்று விதியில் தெளிவாகச் சொல்லலாம்.

இவ்வளவு எதற்கு, நாய்களைக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்பார்கள் சிலர். சட்டம் அதைத் தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கழிவு கிடக்கும்வரை ஒரு கூட்டத்தைக் கொன்றால் அடுத்த ஊர்க் கூட்டம் அந்த இடத்துக்கு வரும்; புதிதாக வருவதற்குத் தடுப்பூசியும் இருக்காது, கருத்தடையும் இருக்காது. மேலும், கால்நடை வளர்ப்புக்கு நாய் பரம்பரைப் பகை அல்ல. செஞ்சிக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கால்நடை மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் அந்தக் கல் சொல்கிறது. அந்த நாய்க்கு ஒரு பெயர் இருந்தது, உடையவன் ஒருவன் இருந்தான், செய்ய வேலை இருந்தது. ஏரிக்கரைக் கூட்டத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை. விதியால் நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியது அந்த உடைமைப் பொறுப்பைத்தான்.

ஆட்டை வளர்ப்பவரே பாதுகாக்கட்டும் என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. இரவில் திறந்த வெளியில் மூங்கில் படல் மட்டும் வைத்து அடைப்பது ஆபத்துதான். உயரமான கம்பி வலைப் பட்டிக்கு மானியம் தந்து, அது கிடைத்த பிறகும் அடைக்காதவருக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம். ஆனால் பகலில் மேய்ச்சலின்போது நடக்கும் தாக்குதலுக்கு வேலி போட முடியாது. அறுவடை முடிந்த வயலில் எருவுக்காகக் கிடை போடுபவர் கம்பி வலையைத் தோளில் சுமந்து திரியவும் முடியாது. செத்த ஆட்டையெல்லாம் நாய் கணக்கில் எழுதுவார்கள் என்ற சந்தேகத்துக்குக் கால்நடை உதவி மருத்துவரின் பிரேதப் பரிசோதனை போதும்: உயிரோடு கடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கும், செத்தபின் குதறியதில் அப்படி இருக்காது. அதற்கு மருத்துவர் ஒரு நாளுக்குள் வந்து பார்க்கவேண்டும்.

கடினமான கேள்வி பணம்தான். ஓர் ஊராட்சி தனியாகக் கருத்தடை மையம் நடத்த முடியாது என்பது உண்மை. அறுவைக் கூடமும், கூண்டுகளும், பயிற்சிபெற்ற மருத்துவரும், நாய் பிடிப்பவர்களும் வேண்டும். அதனால்தான் இந்தப் பொறுப்பை ஒன்றிய அளவில் வைக்கவேண்டும். செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் ஒன்றியங்களும் செஞ்சிப் பேரூராட்சியும் சேர்ந்து ஒரு மையத்தை நடத்தினால் செலவு பகிரப்படும். சட்டம் வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்கவும் வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போட்டு, ஊரில் நாய் கடித்துச் செத்த ஆடு, மாடு, கோழிகளுக்குத் தேதி, இடம், வளர்ப்பு நாயா தெருநாயா என்ற விவரத்தோடு ஒரு பதிவேடு தொடங்கலாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான் ஆகும். எந்த ஏரிக்கரையில் கூட்டம் சேர்கிறது, மையத்தை எங்கே தொடங்குவது, எவ்வளவு நிதி கேட்பது என்ற மூன்றுக்கும் அந்தப் பதிவேடுதான் ஆதாரம். அது இல்லாமல் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு இன்னொரு புலம்பலாகத்தான் போய்ச் சேரும்.