மனுவை எழுதியது யார் என்றா கேட்கிறீர்கள்?

முறைப்பாடுகளுக்குப் பொறுப்பான பணிப்பாளர் அவர்களுக்கு,

பதிவுத் தபாலில் அனுப்பிய மனுவால் பலன் இல்லாததால் இதைப் பத்திரிகையில் எழுதுகிறேன். 1987இல் தமிழும் அரசகரும மொழியானது முதல், கடன் வாங்குபவருக்கு எதையெல்லாம் விளக்க வேண்டும் என்பது வரை எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சட்டம் பேசப் போவதில்லை. ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

டிக்கோயாப் பக்கம் கொழுந்தெடுப்பவர். 2025இல் லயத்துக் கூரையை மாற்ற ஒரு நிறுவனத்திடம் குழுக் கடனாக 60,000 ரூபாய் எடுத்தார். வட்டி நூற்றுக்கு 24 என்று வாயால் சொன்னார்கள். ஒப்பந்தம் முழுக்கச் சிங்களம். ஒப்பமிட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தார்கள், அங்கெல்லாம் ஒப்பமிட்டார். கட்டணம், காப்புறுதி எல்லாம் கழித்துக் கைக்கு வந்தது 56,500. கிழமைக்கு 1,431 ரூபாயாக 52 தவணை. அப்போது அவருடைய அடிப்படை நாட்சம்பளம் 1,350. ஒரு நாள் முழுப்பேர் விழுந்தாலும் அந்தச் சம்பளம் ஒரு தவணைக்குக் காணாது.

மழையில் வேலை குறைந்து இரண்டு தவணை தவறியதும் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். உயர்தரம் படிக்கும் மகள் ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, தொலைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தமிழில் விளக்கம் கேட்டாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கடன் குறையக் குறைய வட்டி குறையவில்லை. கடைசிக் கிழமை வரை முழு 60,000க்கும் வட்டி. கைக்கே வராத 3,500க்கும் வட்டி. கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 57.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். தாளில் போட்டுப் பார்த்தேன், கணக்குச் சரி. மொழிபெயர்ப்பை ஹட்டனில் சிங்களம் படிப்பிக்கும் நண்பர் வரி வரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் செயலி இல்லாத சட்டப் பிரிவொன்றைச் சேர்த்திருந்தது, அதை வெட்டிவிட்டோம். மிச்சத்தை வைத்து மகள் செயலியின் உதவியோடு உங்களுக்குத் தமிழில் மனு எழுத, தாய் ஒப்பமிட்டார்.

உங்கள் பதில் சிங்களத்தில் வந்தது. மனு கணினி எழுதியதுபோல் இருக்கிறது, முறைப்பாட்டாளர் மூலப் பிரதியோடு கொழும்புக்கு நேரில் வர வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த 57 பற்றி ஒரு சொல் இல்லை.

தோட்டத்து மனு என்றைக்கும் இன்னொருவர் கையால் எழுதியதுதான் ஐயா. டவுனில் தட்டச்சு வைத்திருந்தவர் எழுதினார். தோட்டத் தலைவர் எழுதினார். சங்கக் காரியாலயத்தில் எழுதினார்கள். கைநாட்டு வைத்த மனுவைப் பிடித்துக்கொண்டு, எழுதியது யார் என்று எந்த அலுவலகமும் விசாரித்து நான் கேள்விப்பட்டதில்லை. இந்த ஒப்பந்தத்தை எழுதியவர் சட்டத்தரணி. தவணையைப் போட்டது கணினி, தாமதக் கட்டணத்தை ஏற்றியதும் கணினி. அவற்றைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்ணின் மனு தெளிவாக இருந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுத்திருந்தால் எந்தச் செயலியும் அவருக்குத் தேவைப்பட்டிராது.

கடனைத் துண்டு என்ற சீட்டில் எழுதித் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. அந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் பாட்டன்மாருக்கு வாசிக்கத் தெரியாது. இன்று ஒரு பிள்ளை வாசித்துவிட்டாள். அதற்காகவா அவள் தாயைக் கொழும்புக்கு அலைக்கழிக்கிறீர்கள்? வந்து போனால் இரண்டு நாள் பேர் போகும். அந்தக் கிழமைத் தவணையும் தவறும். வாசலில் வந்து நிற்பவர்களுக்கு நீங்களா பதில் சொல்வீர்கள்?

கணக்குப் பிழை என்றால் எந்த இடத்தில் பிழை என்று எழுதுங்கள். சரி என்றால் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரியுங்கள். எதுவானாலும் பதில் தமிழில் வர வேண்டும். அதுவரை அவர் வாசலுக்கு வசூலுக்கென்று ஒருவரும் போகக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
டிக்கோயா.