புகார்ப் பெட்டியைத் திறப்பவர் யார்?

திருமலை தரிசனச் சீட்டின் பெயரால் ஏமாற்றும் போலி இணையதளங்களைப் பற்றித் திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. 2023 ஏப்ரலில் தேவஸ்தானம் அளித்த புகாரின்பேரில் திருமலைக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. அதற்கு முன் 40 போலித் தளங்கள் மீது புகார்கள் இருந்தன, இது 41ஆவது. அதிகாரபூர்வ முகவரியில் புள்ளி இருந்த இடத்தில் போலியில் சிறு கோடு. இறுதியில் அரசுக்குரிய எழுத்துகளுக்குப் பதிலாக 'ஆர்க்'. கைப்பேசியின் சிறு திரையில், அதுவும் சீட்டுத் தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில், இந்த வேறுபாடு எத்தனை பேர் கண்ணில் படும்?

குற்றவாளியைப் பிடிப்பது காவல்துறையின் பணி. அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் போலித் தளம் சில மணி நேரத்திற்குள் அகற்றப்பட வேண்டும். அதை அகற்றக்கூடியவர், அத்தளம் இயங்கும் கணினிக்கு இணைப்பு வழங்கும் வலையமைப்பு நிறுவனத்தார். இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐ.பி. எண் உண்டு. அந்த எண் எந்த நிறுவனத்திற்கு ஒதுக்கப்பட்டது, முறைகேடு நடந்தால் எந்த மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும் என்பவை பொதுப் பதிவேட்டில் உள்ளன. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவேட்டை ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக் அமைப்பு பராமரிக்கிறது. இந்தியாவில் இப்பணியை நிக்சி நிறுவனத்தின் ஐரின் பிரிவு செய்கிறது. இத்தகைய புகார் முகவரியைப் பதிவு செய்வதை ஏப்னிக் 2010ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கிவிட்டது.

முகவரி கட்டாயம்தான், கடிதத்தைப் படிப்பவர் உண்டா என்பதே கேள்வி. பணியிலிருந்து விலகிப் போனவரின் பெயரில் ஒரு முகவரி இருக்கும். இன்னொன்று நிரம்பி வழிந்து, வரும் அஞ்சலையெல்லாம் திருப்பியனுப்பும். வேறு சிலவற்றில் குப்பை அஞ்சல் வடிகட்டியே புகாரை விழுங்கிவிடும். ஏனெனில் புகாருடன் சான்றாக இணைக்கப்படுவது அந்த மோசடி அஞ்சலேயாகும். தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தவர்மீது புகை நாற்றம் வீசுகிறதென்று தீயணைப்பு நிலையத்தார் கதவைச் சாத்துவதற்கு இது ஒப்பாகும்.

2018 செப்டம்பரில் நியூ கலிடோனியாவின் நுமேயா நகரில் கூடிய ஏப்னிக் மாநாடு இதற்கொரு வழி கண்டது. அதன்படி ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அம்முகவரிக்குச் சோதனை அஞ்சல் செல்லும். பெறுபவர் 15 நாட்களுக்குள் அதைத் திறந்து உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் முகவரி செல்லாதது எனப் பதிவேட்டில் குறிக்கப்படும்; மேலும் 15 நாட்கள் கடந்தால் அந்நிறுவனத்தின் கணக்குச் சேவைகள் மட்டுப்படுத்தப்படும். ஐரோப்பாவிலோ, முகவரி தொழில்நுட்ப அளவில் இயங்குகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிட்டனர். மனிதர் ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்ற பிற்காலத் திட்டத்திற்கு அங்கு ஒருமித்த ஆதரவு கிட்டவில்லை.

எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. சிறு நிறுவனங்களுக்கு இது சுமை என்பது ஒன்று. நம் நாட்டில் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. அதனோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு இருமுறை ஒரு பொத்தானை அழுத்துவதைச் சுமை என்பது பொருந்தாது. முகவரியை உறுதிசெய்தவர் புகாரின்மேல் நடவடிக்கை எடுப்பார் என்பதற்கு உறுதி ஏது என்பது மற்றொன்று. இதில் உண்மை உண்டு. ஆயினும் வங்கியில் நாங்கள் கே.ஒய்.சி. விவரங்களை, இடர் மிகுந்த கணக்குகளுக்கு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஏனையவற்றிற்கு 8 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கச் சொல்கிறோம். முகவரி சரியாக இருப்பதால் மட்டும் ஒருவர் கடனைத் திருப்பிச் செலுத்திவிடுவதில்லை. அதற்காக முகவரியே கேளாமல் கடன் கொடுக்கும் வங்கி உண்டோ?

வங்கிகளுக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு இதைவிடக் கடுமையானது. 2017 ஜூலை 6ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, பணம் எடுக்கப்பட்டதைத் தெரிவிக்கும் குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் வாடிக்கையாளர் அப்படியே பதிலளித்து ஆட்சேபம் தெரிவிக்க வழி செய்யுமாறு கூறுகிறது. புகார் முகவரியைத் தேடி அவர் அலையக் கூடாது. புகார் எண்ணுடன் உடனே ஒப்புகையும் செல்ல வேண்டும். 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் தம் இணையதளங்களை 'பேங்க்.இன்' முகவரிக்கு மாற்றவும் பணிக்கப்பட்டன. இதனால் உண்மையான தளத்தை அடையாளம் காண்பது எளிதாகும். போலித் தளம் தானாக மறையாது. ஆகவே சோதனையில் தவறிய வலையமைப்புகளின் பட்டியலை ஐரின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. பெயர் வெளிவரும் என்ற அச்சம் அபராதத்தைவிட விரைவாக வேலை செய்யும்.

வாடிக்கையாளர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பணம் போயிருந்தால் முதலில் 1930 எண்ணையும் வங்கியையும் அழையுங்கள். மூன்று வேலை நாட்கள் என்ற வரம்பு உங்கள் பொறுப்பை நிர்ணயிக்கக்கூடும். அடுத்து, போலித் தளத்தின் முகவரியை ஓர் எழுத்தும் விடாமல் குறித்து அனுப்புங்கள். கிளைக்கு வரும் பலர் திரைப்படம் ஒன்றை மட்டும் காட்டுகிறார்கள். அதில் முகவரியின் பாதி மறைந்திருக்கும். மோசடி மின்னஞ்சலாயின் அதை அழிக்காமல், இணைப்பாக அப்படியே அனுப்புங்கள். அஞ்சல் எந்த ஐ.பி. எண்ணிலிருந்து புறப்பட்டது என்பதைக் காட்டும் மறைவான வரிகள் மூல அஞ்சலில்தான் உள்ளன.